சாயாத ஷட்டர்கள்

அக்டோபர் 6, வியாழன்

கோணப்பட்டி அணைக்கட்டுத் திருத்த வேலை இன்று முடிந்தது. தேங்காய் உடைத்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், எல்லோருக்கும் பஜ்ஜியும் கேசரியும் கொடுத்தார்கள். கேசரியில் நெய்க்குப் பதில் டால்டா.

ரிப்பன் வெட்டியவர் செயற்பொறியாளர் மேகலா. என்னைவிடப் பதினோரு வயது இளையவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கீழ்தான் இருந்தார். அணையில் தேங்கும் நீர் மேல்பக்கம் எவ்வளவு தூரம் ஏறி நிற்கும் என்று கணக்குப் போட அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். இன்று அவர் எனக்கு மேலதிகாரி. அதைவிட மோசம், இன்னும் என்னைச் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபப்படவாவது ஒரு காரணம் கிடைக்கும்.

நாளைக்கு யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதிவைக்கிறேன். இலுப்பையாற்றில் நான்கு வருடம் முன்பு வந்த வெள்ளம், பழைய அணைக்கட்டு தாங்கும் என்று முன்னோடிகள் எழுதிவைத்த அளவைப்போல ஒன்றரை மடங்கு. ஆற்றுக்குக் குறுக்கே நேராக நின்ற கற்சுவர் அது. வழிய முடியாத தண்ணீர் பின்வாங்கி, மேல்பக்கம் நல்லாம்பட்டி வெற்றிலைக் கொடிக்கால்களில் ஏறி நின்றது. இனி அதைவிடப் பெரிய வெள்ளமும் போகும்படி அணைக்கட்டைத் திருத்து என்று உத்தரவு வந்தது.

நான் ஒரு வடிவம் கொடுத்தேன். சுவரை நேராகக் கட்டாமல் புடவைக் கொசுவம் போல மடித்து மடித்துக் கட்டுவது. ஆற்றின் அகலம் அதேதான், சுவரின் நீளம் மூன்று மடங்கு. அதனால் தண்ணீர் அதிகம் உயராமலே வழிந்துவிடும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. மனிதன் கைவைக்க அதில் இடமில்லை. மடிப்புக்குள் மணல் சேரும் என்றார் மேகலா. அதற்கும் பதில் வைத்திருந்தேன், கேட்க ஆளில்லை. என் வடிவத்துக்குப் பதில், பழைய சுவரின் நடுப்பகுதியை இடுப்பளவுக்கு வெட்டி இறக்கிவிட்டு, அதில் தானாகச் சாயும் இரும்பு ஷட்டர்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் ஷட்டருக்கு மேல் ஒரு முழம் வழிந்தால், அதன் பாரத்திலேயே ஷட்டர் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து வழிவிடும்.

பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது நல்லாம்பட்டி சிக்கந்தர் ராவுத்தர் வந்தார். போன வெள்ளத்தில் கொடிக்கால் முழுக்க அழுகிப்போய், மறுபடி அகத்தி ஊன்றி, கொடி ஏற்றி, இப்போதுதான் இலை கிள்ள ஆரம்பித்திருக்கிறார். இந்த ஊரில் என்னை மனிதனாக மதிக்கிற ஒரே ஆள்.

"சார், இனிமே எங்க பக்கம் தண்ணி ஏறாதுல்ல?"

"டிசைன் என்னோடது இல்ல பாய். கேக்க வேண்டியவங்ககிட்ட கேளுங்க."

கேட்டார். மேகலா அவரை அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு ஷட்டராகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். கேசரி ஆறிப்போனது.

அக்டோபர் 9, ஞாயிறு

வீட்டுக்காரர் மோட்டார் எரிந்துவிட்டது. தெருக்குழாயிலிருந்து மாடிக்குத் தண்ணீர் சுமந்தேன். நீர்ப்பாசனத்தில் எம்.இ. தங்கப் பதக்கம்.

அக்டோபர் 17, திங்கள்

மலையில் நல்ல மழை. காலையில் சிறு வெள்ளம் வந்தது. ஷட்டர்கள் சொன்னபடியே ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. நான் கரையில் நின்று பார்த்தேன். ஒன்றாவது அடம்பிடிக்கும் என்று நினைத்தேன், இல்லை. நல்லாம்பட்டிப் பக்கம் தண்ணீர் வரப்பைக்கூடத் தொடவில்லை. சிக்கந்தர் பாய் வெற்றிலைக் கட்டோடு வந்து, "மேடம் சொன்னபடியே நடந்துருச்சு சார்" என்றார். வாங்கிக்கொண்டேன்.

ஆனால் பிற்பகலில் வெள்ளம் வடிந்துவிட்டது. சாய்ந்த ஷட்டர் தானாக நிமிராது. சங்கிலிக் கப்பி போட்டு இழுத்து நிறுத்த ஆள் வர வேண்டும். அதுவரை ஆற்றில் மட்டம் இல்லை, வாய்க்காலில் ஒரு சொட்டு ஏறாது.

அக்டோபர் 19, புதன்

ஆட்கள் இன்றுதான் வந்தார்கள். அதற்குள் கடைமடையில் நாற்றங்கால் வெடித்துவிட்டது. பாசன சங்கத் தலைவர் பெருமாள்சாமி ஏழெட்டுப் பேரோடு அலுவலகத்துக்கு வந்தார். மேகலாவும் இருந்தார்.

"ஏம்மா, மழை பெய்ஞ்சா தண்ணி வரும்னு கேள்விப்பட்ருக்கேன். மழை பெய்ஞ்சு தண்ணி இல்லாமப் போனது எங்க ஊர்லதான்."

"ரெண்டு நாள் தாமதம் எங்க தப்புதாங்க. இனி ஆளை இங்கேயே தங்க வைக்கிறேன்."

"பழைய சுவரு இருந்தப்ப நாங்களே தண்ணி கொறஞ்சா மணல் மூட்டைய மேல அடுக்கி அரையடி ஏத்திக்குவோம். எவனையும் கூப்புட வேண்டியதில்ல. இப்ப மூட்டைய வச்சா அதையும் தூக்கிட்டுல்ல சாயுது உங்க ஷட்டரு."

"சாயணும்ங்க. சாஞ்சாத்தான் மேல இருக்கிறவங்க பிழைப்பாங்க."

"அப்ப கீழ இருக்கிறவன்?"

அவர்கள் போன பிறகு மேகலா என்னைப் பார்த்தார். "இவங்க சும்மா இருக்க மாட்டாங்கன்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"நீங்க பாத்துச் செய்யுங்க மேடம்."

நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களில் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 26, புதன்

தீபாவளிக்கு மதுரை போய் வந்தேன். மகள் தாரிணி அறையைவிட்டு வெளியே வரவில்லை. மனைவி வத்சலாவிடம் அணைக்கட்டு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "நீங்க எதை ஆரம்பிச்சாலும் உங்களுக்கு யார் என்ன செஞ்சாங்கங்கிறதுல வந்துதான் முடியுது" என்றாள். நான் ஆரம்பித்தது மணல் படிவதைப் பற்றி.

நவம்பர் 3, வியாழன்

டீக்கடையில் பெருமாள்சாமி என் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தார். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

"ஷட்டருக்கு ஒரு ஏற்பாடு பண்ணிருக்கோம் சார்."

"என்ன ஏற்பாடு?"

"பெருசா ஒண்ணுமில்ல. கீழ்ப்பக்கம் பனந்துண்டு வச்சு முட்டுக் குடுத்துட்டோம், ஒவ்வொண்ணுக்கும். சம்பா நடவு முடியுறமட்டும். தை பொறந்தா நாங்களே எடுத்துருவோம். உங்களுக்குத் தெரியாமச் செஞ்சதா இருக்க வேணாம்னுதான் சொல்றேன்."

நான் டீயைக் குடித்தேன்.

"வேணாம்னா இப்பவே சொல்லிருங்க சார். நீங்க சொன்னா எடுத்துருவோம். அந்தம்மா சொன்னா எடுக்க மாட்டோம்."

என்னிடம் அதிகாரபூர்வமாக யாரும் எதையும் தெரிவிக்கவில்லை. டீக்கடையில் காதில் விழுவதெல்லாம் தகவல் ஆகாது. நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். அதுவே ஒரு பதில்தான். புரிந்துகொள்ளத் தெரிந்தவர் புரிந்துகொண்டிருப்பார்.

21ஆம் தேதி தலைமைப் பொறியாளர் பார்வையிட வருகிறார். ஷட்டர் சாய்வதை அவர் முன்னால் செய்துகாட்டப் போகிறார்களாம். எல்லோரும் கரையில் நிற்பார்கள். ஷட்டர் சாயாது. அசையும் பாகம் வேண்டாம் என்று ஒருவன் எழுதிக்கொடுத்தானே, யார் அவன் என்று யாராவது கேட்பார்கள். வானிலை அறிக்கையில் அதுவரை பெரிய மழை இல்லை.

நவம்பர் 8, செவ்வாய்

முழங்கால் வலி. இந்த வாரம் அணைக்கட்டுப் பக்கம் போகவில்லை. பணி ஆய்வாளரையும் கண்மாய்க் கரை அளக்க வேறு பக்கம் அனுப்பிவிட்டேன். அந்த வேலை நெடுநாளாகப் பாக்கி.

மாலையில் சிக்கந்தர் பாய் வந்தார். அவர் மனைவி கொடுத்துவிட்டதாகத் தைலம் ஒரு சீசா.

"போன வாரம் கீழ்ப்பக்கம் பனந்துண்டா வண்டில ஏத்திட்டுப் போனாங்க சார். ஆத்துக்குத்தான் போச்சு. எதுக்கா இருக்கும்?"

"வாய்க்கால் கரை சரிஞ்சிருக்கும். அதுக்கு இருக்கும்."

"அப்படியா. நான் என்னமோ ஏதோன்னு நெனச்சேன்."

தைலம் நன்றாகவே கேட்கிறது.

நவம்பர் 11, வெள்ளி

தெற்கே கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்கிறார்கள். இந்தப் பக்கம் வராது. ஆந்திராவுக்குத்தான் போகும், வழக்கமாக.

நவம்பர் 12, சனி

இந்தப் பக்கம்தான் வருகிறது.

கைப்பேசியில் மேகப் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்செரிச்சல். பொழுது போகாமல், ஒரு பயிற்சிக்காக, ஷட்டர்கள் சாயாமல் நின்றால் நீர் மேல்பக்கம் எங்கே ஏறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணல் மூட்டை இனி வேண்டியிராது என்று ஷட்டரின் உச்சியைப் பழைய சுவரைவிட அரையடி உயர்த்தித்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே பழைய அணைக்கட்டைவிட மோசம். சாதாரண வெள்ளத்துக்கே சிக்கந்தர் பாயின் கிணற்றடி வரை வரும். இரண்டு முறை போட்டேன். அதே விடைதான். இந்த மாதிரிக் கணக்கில் நான் தப்புச் செய்வதில்லை.

மேகலாவைக் கூப்பிடலாம் என்று எண்ணை எடுத்தேன். விடுமுறை நாள். வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிற பெண். தொந்தரவு செய்வது முறையல்ல.

நவம்பர் 13, ஞாயிறு

காலையிலிருந்து விடாத மழை. முழங்கால் பரவாயில்லை. மதியம் குடையோடு அணைக்கட்டுக்குப் போனேன்.

முட்டுகளை நேரில் பார்த்தேன். ஒவ்வொரு ஷட்டரின் முதுகிலும் இரண்டு பனந்துண்டுகள், கீழே தளத்தில் பதித்த கற்களில் ஊன்றி, கயிறு சுற்றி. நேர்த்தியான வேலை, அதைச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஷட்டர்களுக்கு மேல் வழிய ஆரம்பித்திருந்தது. கீழ்ப்பக்கம் விழுகிற தண்ணீரில் முட்டுகள் பாதி மறைந்துவிட்டன. காலையில் வந்திருந்தால் எடுத்திருக்கலாம். நேற்று என்றால் ஒரு மணி நேர வேலை.

பெருமாள்சாமியும் அங்கே இருந்தார். தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்திருந்தார்.

"எடுத்துறலாமா சார்?"

"இப்ப எப்படி எடுப்பீங்க?"

"அதத்தான் நானும் பாத்துட்டு நிக்கிறேன்."

அங்கிருந்தே மேகலாவுக்குப் போன் செய்தேன். நேரில் பார்த்ததும் உடனே தெரிவித்துவிட்டேன் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். வழியில் ஓடை பெருகிக் கிடப்பதால் விடிந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னார். நல்லாம்பட்டிக்கு ஆள் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

நவம்பர் 14, திங்கள்

விடியும்போதே மேகலா ஜேசிபியோடு வந்துவிட்டார். முழங்காலுக்கு மேல் சேறு. ஆறு காவி நிறத்தில், கரைக்குக் கரை. ஷட்டர் வரிசை இருந்த இடத்தில் தண்ணீரின் நீண்ட வளைந்த முதுகு மட்டும் தெரிந்தது.

"எத்தனை நிக்குது சார்?"

"எல்லாமே."

அவர் பெருமாள்சாமியிடம் திரும்பினார். "எடுத்துருங்க."

"எப்படிம்மா எடுக்கிறது? கீழ்ப்பக்கம் எறங்குறவன் கரையேற மாட்டான்."

"வைக்கும்போது இது தெரியலையா?"

"வைக்கும்போது தண்ணி இல்லம்மா."

அப்போது சிக்கந்தர் பாய் பைக்கை மேட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். கைலி மார்பு வரை நனைந்திருந்தது. "மேடம், கெணத்தடிக்கு வந்துருச்சு. இன்னும் ஏறுது. அகத்தி பாதி முங்கிருச்சு." பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நான் இருக்கிறேன் என்பதே ஒரு தைரியம் போல.

ஒரு வழிதான் இருந்தது. வலது பக்க வாய்க்கால் கரையை அணைக்கட்டுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால் தண்ணீர் ஆயக்கட்டு வயல்கள் வழியாகச் சுற்றிப் போய்க் கீழே ஆற்றில் சேர்ந்துவிடும். அந்த வயல்களில் புதிதாக நட்ட நாற்று எல்லாம் போகும். மேகலா இடத்தைக் காட்டினார். ஜேசிபி நகர்ந்ததும் கீழ்ப்பக்கத்து ஆட்கள் முன்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

"நாத்து முங்குனா எவன் குடுப்பான்?"

"அங்க முங்கிட்டிருக்குதேய்யா" என்றார் சிக்கந்தர் பாய்.

"வெத்தல இல்லாட்டி எவனும் சாக மாட்டான் பாய். சோறு வேணும்ல."

"எங்க வீட்டுச் சோறு எதுலருந்துப்பா வருது? வெத்தலைலருந்துதான வருது?"

தள்ளுமுள்ளு ஆகிவிடும் போலிருந்தது. மேகலா கரையில், ஜேசிபியின் வாளி இறங்க வேண்டிய இடத்திலேயே, சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "வெட்ட வேணாம்னா நீங்க போய் முட்டுக்கட்டைகள எடுங்க. எடுக்க ஆள் கிடைக்கிற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன். கரை தானா உடைஞ்சா என்னையும் சேர்த்து அடிச்சிட்டுப் போகட்டும்."

வெகுநேரம் அப்படியே போனது. மழை. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. கடைசியில் பெருமாள்சாமி, "எழுந்திரிம்மா. முதல் வயலு என்னோடதுதான். வெட்டச் சொல்லு" என்றார். அவருடைய ஆட்கள் அவரைத் திட்டிக்கொண்டே விலகினார்கள்.

கரை உடைந்து தண்ணீர் அவர் வயலில் பாய்ந்தபோது அவர் என் பக்கத்தில்தான் நின்றார். "நீங்களாச்சும் அன்னைக்கே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல சார்" என்றார். இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

நவம்பர் 15, செவ்வாய்

உயிர்ச்சேதம் இல்லை. கொடிக்காலில் தண்ணீர் நிற்கிறது.

நவம்பர் 16, புதன்

நிற்கிறது. வெற்றிலைக் கொடியின் வேர் ஒரு நாள் பொறுக்கும் என்கிறார்கள்.

நவம்பர் 18, வெள்ளி

வடிந்துவிட்டது. நல்லாம்பட்டி போனோம். நுனி இலைகள் தொங்கிவிட்டன. கொடியை லேசாக இழுத்தால் வேர் வழுவழுவென்று கையோடு வருகிறது. சிக்கந்தர் பாய் ஒவ்வொரு பாத்தியாகக் கூட்டிப் போய்க் காட்டினார், குடியிருந்த வீட்டைக் காட்டுகிற மாதிரி. அவர் மனைவி சேற்றில் நின்றுகொண்டு, அழுகாத இலைகளை மட்டும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். மடி நிறையவில்லை.

திரும்பும் வழியில் ஜீப்பில் மேகலா கேட்டார். "முட்டு வச்சது உங்களுக்கு எப்பத் தெரியும் சார்?"

"பதிமூணாம் தேதி. பார்த்ததும் போன் பண்ணினேனே."

"அதுக்கு முன்னாடி?"

"முழங்கால் வலி. அந்தப் பக்கமே போகலை."

நான் சொன்னதில் பொய் இல்லை. நேரில் பார்த்தது பதிமூன்றாம் தேதிதான். விசாரணைக்கு எழுதிக்கொடுத்த பதிலிலும் 'நேரில் ஆய்வு செய்தபோது தெரியவந்தது' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 29, செவ்வாய்

மேகலாவுக்கு மாற்றல். மேற்பார்வைக் குறைபாடு என்கிறார்கள். வேறு ஆள் வரும்வரை கோட்டத்துக்கு நான் பொறுப்பு. பதினான்கு வருடமாக நான் உட்கார வேண்டிய நாற்காலி. முதுகுப் பக்கம் ஒரு ஸ்பிரிங் குத்துகிறது.

போகும்போது அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

"உங்க மடிப்புச் சுவரைத்தான் சார் முதல்ல அனுப்பினேன். ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் புது முறை வேணாம்னு திருப்பிட்டாங்க. அப்புறம்தான் ஷட்டர். இப்ப கேட்டா குடுப்பாங்க. அனுப்புங்க."

"மணல் சேரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவங்க கேப்பாங்கன்னு உங்ககிட்ட முன்னாடியே கேட்டேன். நீங்க பதில் சொல்லலை."

"திருப்பி அனுப்பினதை என்கிட்ட சொல்லிருக்கலாமே."

"நீங்க என்கிட்ட பேசிட்டா இருந்தீங்க சார்?"

இதை ஏன் இப்போது சொல்ல வேண்டும்? நல்ல பெயரோடு போக வேண்டும் என்று நினைத்திருப்பார். மனிதர்கள் அப்படித்தான்.

டிசம்பர் 10, சனி

சங்கக் கட்டடத்தில் மேல்பக்கத்தார், கீழ்ப்பக்கத்தார் இருவரையும் கூட்டிப் புதிய வடிவத்தை விளக்கினேன். அனுமதி கிடைக்கும் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். துணியை மடித்துக் காட்டினேன், புரிந்துகொண்டார்கள். 'கொசுவச் சுவரு' என்று அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நல்லாம்பட்டி இளைஞன் ஒருவன் எழுந்தான். "ஷட்டருக்கும் இப்படித்தான் வந்து வெளக்குனாங்க. முட்டு வச்சது ஆபீசுல ஒருத்தருக்குமா தெரியாமப் போச்சு? பத்து நாளு நின்னுருக்குல்ல?"

சிக்கந்தர் பாய் எழுந்து அவன் தோளில் கைவைத்து உட்கார வைத்தார்.

"சாருக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்து சொல்லிருப்பாருடா. எனக்கு அவரத் தெரியும்."

முதல் வரிசையில் பெருமாள்சாமி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, "சரி, டீய ஊத்துங்கப்பா" என்றார்.

டிசம்பர் 11, ஞாயிறு

பெருமாள்சாமி வீட்டுக்கே வந்துவிட்டார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன்.

"அன்னைக்கு டீக்கடைல பேசுனத நான் வெளில மூச்சு விடல சார். விடவும் மாட்டேன். என் வயலும்தான் போச்சு. போனது போகட்டும்."

"என்ன வேணும்?"

"கொசுவச் சுவரு நல்ல சுவரு. ஒண்ணே ஒண்ணு. அரையடி சேத்துப் போட்ருங்க. வருசா வருசம் மூட்ட அடுக்குற அந்த அரையடி. அது சுவர்லயே இருந்துட்டா எங்களுக்கு ஒரு வேலை மிச்சம், கடைமடைக்கும் தண்ணி ஏறும்."

"மூட்டைன்னா வெள்ளம் தள்ளிட்டுப் போயிரும். சுவர் போகாது. அரையடி ஏத்தினா மேல எவ்வளவு தூரம் ஏறும் தெரியுமா?"

"அது உங்களுக்குத்தான் சார் தெரியும். நீங்கதான் கணக்குல புலி."

மிரட்டுகிற மாதிரி ஒரு சொல்கூட அவர் பேசவில்லை. கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

டிசம்பர் 14, புதன்

தூக்கம் சரியில்லை. நெஞ்செரிச்சல் மாத்திரையை மாற்ற வேண்டும்.

டிசம்பர் 23, வெள்ளி

வரைபடங்களை அனுப்பிவிட்டேன். சுவரின் உச்சி மட்டம் முதலில் நினைத்ததைவிட அரையடி கூடுதல். காரணம் இல்லாமல் இல்லை. கடைமடைப் பாசனம் நியாயமான தேவை. நான்கு வருடம் முன்பு வந்த வெள்ளம் ஓர் அபூர்வம். அதைப் போல ஒன்று உடனே வரும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதைச் சற்றுக் குறைத்து எடுத்துக்கொண்டால், நீர் மேல்பக்கம் ஏறும் கோடு கொடிக்கால்களின் ஓரத்தோடு நின்றுவிடுகிறது. மேலிடத்தில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒருவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

என் பெயர் போட்ட முதல் வடிவம். தாரிணிக்குப் படம் அனுப்பினேன். கட்டைவிரல் போட்டிருக்கிறாள்.

ஜனவரி 22, ஞாயிறு

விடுமுறை என்றாலும் நல்லாம்பட்டி போனேன். சிக்கந்தர் பாய் மூன்று நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தை பிறந்துவிட்டது, மண் ஆறிவிட்டது, மறுபடி அகத்தி ஊன்றப் போகிறார். சம்பந்தி வீட்டார் வேண்டாம் என்றார்களாம். சார் கட்டுகிற சுவர் வருகிறது என்று சொல்லிவிட்டாராம். நீர் எதுவரை வரும் என்று நான் ஒரு கோடு காட்டினால் போதும், அதற்கு மேலே பாத்தி பிடித்துக்கொள்வார்.

மட்டக் கருவியை வரப்பில் நிறுத்தினேன். அவர் ஒரு கையில் அளவுகோலும் மறு கையில் முளைக்குச்சிகளுமாகப் போய் நின்றார். வரைபடத்தில் காட்டியிருக்கிற கோட்டில் முதல் முளையை அடிக்கச் சொன்னேன். சுத்தியலை ஓங்கினார்.

"இருங்க பாய். கொஞ்சம் மேல தள்ளி."

தள்ளி நின்றார். கருவியில் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

"சார் ஜாக்கிரதைக்குச் சொல்றீங்க" என்று சிரித்தார். "சரிதான். பட்டவங்கதான நாம."

கிணற்றைத் தாண்டினார். நிலம் அங்கே தட்டையானது, பத்தடி நடந்தாலும் ஒரு விரல்தான் ஏறும். அழுகிய கொடிகளைக் குவித்து எரித்த இடம் கறுப்பாக இருந்தது, அதையும் தாண்டினார். நான் குறைத்து எடுத்த வெள்ளத்தை அல்ல, நான்கு வருடம் முன்பு உண்மையில் வந்த வெள்ளத்தை மனதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் தள்ளி" என்றேன். "இன்னும்."

முள்வேலியில் அவர் முதுகு இடித்தது. அளவுகோலை நேராகப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு மேல நம்ம நிலம் இல்ல சார். அங்கிட்டு அடக்கம் பண்ற எடம், பள்ளிவாசல் கபர்ஸ்தான்."

அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுக் கருவியில் பார்த்தேன். அந்த வெள்ளத்துக்கு அங்கேயும் நிலம் நான்கு விரல் தாழ்வு.